ஹூஸ்டன் ரோடியோவின் தன்னார்வலர்களுக்கு நன்றி மடல்

ஹூஸ்டன் கால்நடைக் காட்சிக்கும் ரோடியோவுக்கும் உழைக்கும் அனைவருக்கும் வணக்கம்.

1932-ல் கொழுத்த கால்நடைகளின் காட்சியாகத் தொடங்கிய விழா இது. 1938-ல் ரோடியோ, அதாவது மாடு, குதிரைகளோடு நடக்கும் வீர விளையாட்டு, சேர்ந்தது. 1942-ல் பாடகரும் நடிகருமான ஜீன் ஆட்ரி வந்து பாடினார். பிள்ளைகளின் கன்று பிடிக்கும் போட்டியும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. 1966-ல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட அரங்கம், 2003-ல் இன்றைய பெரிய அரங்கம் என்று இடம் மாற மாறக் கூட்டமும் பெருகியது. இன்று உங்களில் 35,000 பேருக்கு மேல் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறீர்கள். மேடையில் பாட வருபவர்களுக்குக் கைதட்டல் கிடைத்துவிடுகிறது. உங்களுக்குச் சேர வேண்டிய நன்றியை இந்த மடலில் சொல்கிறோம்.

முதலில், மண் போடுபவர்களுக்கு. அமெரிக்கக் கால்பந்து ஆடும் அரங்கத்தின் தரையை மாட்டுக்கும் குதிரைக்கும் ஏற்ற களமாக மாற்றுவது லேசான வேலை இல்லை. மேல்மண் காய்ந்து அடிமண் இறுகிக் கிடந்தால், திரும்பும் குதிரையின் கால் வழுக்கும். மண் ஆழமாகிப் பொலபொலவென்று இருந்தால் கால் புதைந்து தசைநாண் இழுபடும். தண்ணீர் கூடினால் சேறு. பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் விரையும் பீப்பாய் ஓட்டத்தில் எல்லாக் குதிரைகளும் ஒரே இடத்தில் திரும்புவதால் அங்கே பள்ளம் விழுகிறது. பின்னால் ஓடும் குதிரைக்கு அது அநியாயம். ஆகவேதான் போட்டியின் நடுவிலேயே டிராக்டரை ஓட்டிப் பரம்படிக்கிறீர்கள். இரவுக் கச்சேரிக்காக உருட்டி வரும் மேடை மண்ணை அழுத்திவிடும். மறுநாள் மறுபடி கிளறி, நனைத்து, சமன்செய்ய வேண்டும். விழா முடியும்வரை நாள்தோறும் இதைச் செய்யும் உங்களுக்குத்தான் முதல் வணக்கம்.

துள்ளும் காளை மேல் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து எட்டு வினாடி தாங்கியவரை ஊரே பாராட்டுகிறது. அவர் கீழே விழுந்த கணத்தில் காளைக்கும் அவருக்கும் நடுவே பாய்கிறவர்களுக்கு எங்கள் தனி நன்றி. கயிறு பிடித்த கைக்கு எதிர்ப்பக்கமாக வீரர் சரிந்தால் கை முறுக்கிக்கொண்டு கயிற்றிலேயே மாட்டிவிடும். ஒருவர் காளையின் பார்வையைத் தன் பக்கம் இழுக்க, இன்னொருவர் ஓடிப்போய்க் கயிற்றின் வாலை உருவி விடுகிறார். துள்ளும் குதிரைக்குப் பக்கவாட்டில் வந்து, வீரரைத் தாங்கி இறக்கி, குதிரையைத் துள்ள வைக்க அதன் இடுப்பில் கட்டிய விலாப்பட்டையைத் தளர்த்தும் குதிரைக்காரர்களையும் மறக்க முடியாது.

இந்த விழாவின் உயிர்நாடி கொட்டகைகளில் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம். கன்று பிடிக்கும் போட்டியில் கன்றுகளைப்போல் இரு மடங்கு பிள்ளைகள் களத்தில் இறங்குகிறார்கள். கன்றைப் பிடித்து, முகக்கயிறு மாட்டி, நடுவே கோடு போட்ட சதுரத்துக்குள் இழுத்து வருபவருக்குக் கால்நடை வாங்கப் பணம் கிடைக்கிறது. கிடாரியோ வேறு கால்நடையோ வாங்கி வளர்த்து, மாதந்தோறும் அதன் வளர்ச்சியைப் பணம் கொடுத்தவருக்கு எழுதி அனுப்பி, அடுத்த ஆண்டு காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கடிதங்களைப் படித்து, பிள்ளைகளுக்குப் பதிலும் எழுதும் கொடையாளர்களுக்கு மனம் நிறைந்த நன்றி.

2021-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனமில்லை. 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்றால் விழா பாதியில் நின்றது. மறு ஆண்டு ரோடியோவும் கச்சேரியும் ரத்தாயின. ஆனால் வளரும் கால்நடைக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. காட்சிக்கு வரும் காயடித்த காளைக்கு முந்தைய கோடையிலேயே காதில் அடையாள வில்லை போட்டுவிடுகிறார்கள். காட்சி நாளில் அது ஏறக்குறைய ஒன்றரை வயதில், 550 முதல் 600 கிலோ எடையில் இருக்க வேண்டும். இன்னும் ஓராண்டு வைத்திருந்தால் வெறும் கொழுப்பு ஏறும், தீவனச் செலவும் கையைக் கடிக்கும். பன்றியின் கணக்கு இன்னும் நெருக்கடியானது: நாளுக்கு ஒரு கிலோ அளவில் எடை கூடுவதால், சில வாரம் தள்ளினாலே எடை வரம்பைத் தாண்டிவிடும். பொதுமக்களை உள்ளே விடாமல், பிள்ளைகளின் கால்நடைக் காட்சியை மட்டும் அந்த மார்ச்சில் நடத்திக் கொடுத்தீர்கள். விடிகாலையில் எழுந்து தீவனம் வைத்த பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பை அப்படித்தான் காப்பாற்றினீர்கள். அந்த முடிவை எடுத்தவர்களுக்கும், முகக்கவசத்தோடு எடைமேடை அருகே நின்றவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கால்நடை மருத்துவர்களுக்கும் நன்றி. 2012-ல் அமெரிக்காவின் பல கால்நடைக் கண்காட்சிகளில் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய எச்3என்2வி என்ற ஃப்ளூ காய்ச்சல் 306 பேரைத் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். கொட்டகை வாசலில் நின்று "கை கழுவிவிட்டுப் போங்கள்" என்று சலிக்காமல் சொல்லும் தன்னார்வலர் செய்வதும் மருத்துவ வேலைதான்.

பிள்ளைகள் வளர்த்த கால்நடைகளின் ஏலத்தில் விலையை ஏற்றியவர்களே, 2022-ல் முதல் பரிசுக் காளை 10 லட்சம் டாலருக்குப் போனது. பிள்ளைக்கு உரிய உறுதித்தொகை போக மிச்சம் மற்ற மாணவர்களின் படிப்புக்குச் சேர்கிறது. 1957-ல் ஒரே ஒரு மாணவருக்கு 2,000 டாலர் கொடுத்துத் தொடங்கிய உதவித்தொகை இது.

விழாவுக்குக் குதிரையிலேயே வருபவர்களில், 1952-ல் பிரென்ஹாம் ஊரிலிருந்து கிளம்பிய சால்ட் கிராஸ் குதிரைப் பயணத்தாருக்கும், 1957 முதல் வரும் பிரெய்ரி வியூ கறுப்பினக் குதிரைக்காரர்களுக்கும், வழியில் தண்ணீரும் இடமும் கொடுத்த பண்ணைக்காரர்களுக்கும், லாடம் அடிப்பவர்களுக்கும், இரவெல்லாம் சாணமும் மரச்சீவலும் அள்ளி வண்டியேற்றி, காலைக்குள் கொட்டகையைக் காயவைத்துத் தரும் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
ஹூஸ்டன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சில