அதே வார்த்தைகள்தான், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நம்ம சர்ச்ல ஜெபம் எல்லாமே புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறதுதானேக்கா, அதுல எங்க உயிர் இருக்கு?" என்றாய்.

உன் புதுச் சபைக்கு நானும் ஒருநாள் வந்திருக்கிறேன். 'அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்' என்று ஒருவர் ஆரம்பித்ததுமே அடுத்த வரி எனக்குத் தெரிந்துவிட்டது. அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான்.

'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்ற வசனத்தைக் காட்டினாய். சரி, மத்தேயு 6:7. இரண்டு வசனம் தள்ளி வாசித்துப் பார், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனம். 26 தடவையும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' வருகிறது.

நாக்குக்குப் பழகிவிட்டால் மனசு எங்கோ போய்விடும் என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணத்தின் நடுவில் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்தவள்தான் நான்.

ஆனால் சித்தப்பா வீட்டோடு வரப்புத் தகராறு நடந்த வருஷம் நினைவிருக்கிறதா? ஏழெட்டு மாதம் பேச்சே இல்லை. அப்பமும் ரசமும் வாங்குகிற ஒரு திருவிருந்து ஞாயிறு, நான் தாமதமாகப் போனதால் சித்தி பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அப்புறம் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தது. 1950இல் நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருவிருந்து முறைமையைத் தொகுத்தவர்கள், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது அது. பீடத்தருகே போதகர் ஐயா தொடங்கி வைக்க, கை மாறிக் கை மாறி, பெஞ்சு பெஞ்சாக வரும். சித்திக்கு வந்துவிட்டது. அடுத்தது நான்தான், எழுந்து போகவா முடியும்? கூப்பிய என் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடினாள். காய்ப்புக் காய்த்த கை, உள்ளிப்பூண்டு வாசனை. முகத்தைப் பார்க்கவில்லை. நானும்தான்.

என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அன்றைக்கு நான் வரப்பு வழக்கில் ஜெயிக்கத்தான் ஜெபித்திருப்பேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "சினை மாடு கன்னு போட்டுச்சா?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. ஊருக்கு வா. வந்தால் சித்தப்பா இருக்கிற பெஞ்சிலேயே உட்கார். நீ இன்னும் அவரோடு பேசுவதில்லையாமே.

இப்படிக்கு,
அக்கா