நூலகர் பயிற்சிக்குப் போனால் நூலகத்துக்குப் பூட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நூலகம் பற்றிச் செய்தி வந்தால் ஒன்று புதிய கட்டடத் திறப்பு விழா, இல்லையென்றால் புத்தகம் வாங்க நிதி ஒதுக்கீடு. உள்ளே உட்கார்ந்து நூலகத்தை நடத்துகிறவரின் பயிற்சிக்கு இவ்வளவு ஒதுக்கினோம் என்று ஒரு செய்தி படித்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் இராமநாதபுரம் கடற்கரைக்கு அந்தப் பணம்தான் இப்போது அவசரம்.

உப்புக்காற்றில் புத்தகம் என்ன பாடுபடும் என்பது தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். அட்டை உப்பிப்போகும், தைத்த கம்பி துருவேறும், ராமபாணப் பூச்சி பக்கம் பக்கமாக அரிக்கும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்தப் பருவத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய நூலகத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்தன. நூலகர் அக்கறையானவர். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் வெயிலில் காயவைத்தார். தாள்கள் முறுகி, அட்டைகள் வில்லாக வளைந்துவிட்டன. நனைந்த புத்தகத்தை நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு நடுவே வெற்றுத்தாள் வைத்து உலர்த்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிழிந்த பக்கங்களுக்கு செலோ டேப்பும் ஒட்டியிருந்தார். சில ஆண்டுகளில் அந்தப் பசை பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குச் சேரும் முன் முடித்த சான்றிதழ் படிப்போடு அவருடைய பயிற்சி நின்றுபோயிற்று.

வாசகர்களும் மாறிவிட்டார்கள். நாளிதழ் படிக்க வருகிற பெரியவர்கள் இப்போதும் வருகிறார்கள். ஆனால் கடலோரக் காவல்படையின் நாவிக் (மாலுமி) தேர்வுக்குப் பழைய வினாத்தாள் கேட்டு வருகிற பையனும், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் நிற்கிற, கடற்பாசி எடுக்கும் பெண்ணும் அதே மேசைக்குத்தான் வருகிறார்கள். கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய அரபுத்தமிழ் நூல்கள் இருக்கின்றன. அவற்றை யாராவது நூலகத்துக்குத் தர முன்வந்தால் எப்படிப் பட்டியலிடுவது, எங்கே பாதுகாப்பது என்று நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நூலக அறிவியலின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக நியமித்து, அதே ஆண்டில் லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. 1929-ல் சென்னையில் நூலகர் பயிற்சி வகுப்பு, 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் எல்லாம் அதன் பிறகு வந்தவை. அமெரிக்காவில் 2003 முதல் நூலகர்களை உருவாக்குவதற்கென்றே மத்திய அரசு மானியம் தந்துவந்தது. பின்னர் அதற்கு அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் மனைவியும் முன்னாள் நூலகருமான லாரா புஷ்ஷின் பெயரைச் சூட்டினார்கள். (அதை வழங்கும் நிறுவனத்தையே சுருக்க 2025-ல் உத்தரவு போட்டது வேறு கதை.)

நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம் கட்டுகிறோம். வீட்டுவரி ரசீதைப் பார்த்தால் தெரியும். ஆனால் ஓட்டு வீடும் கூரை வீடுமாக இருக்கும் ஊராட்சிகளில் இந்த வரி எவ்வளவு சேரும்? சென்னையும் கோவையும் போல இந்த வரியை வாங்கி நூலகங்களை நடத்தும் எங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவால் சொந்த வருவாயில் பயிற்சி நடத்த முடியாது. கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசு தன் பங்கைப் போட்டால் தானும் பங்கு போடுகிறது. அந்தத் திட்டத்தில் கருத்தரங்கு, பயிலரங்கு, பயிற்சி வகுப்புகளுக்கும் இடமுண்டு. புத்தகத்துக்கும் அலமாரிக்கும் கேட்பது போல இதையும் அரசு கேட்டு வாங்க வேண்டும்.

வகுப்பு நடத்துகிறவருக்கு மதிப்பூதியம், கோப்பு, தேநீர் என்று கணக்கு முடிந்துவிடக் கூடாது. ஊர்ப்புற நூலகங்களில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பயிற்சிக்குப் போனால் கதவில் பூட்டுத் தொங்கும். ஆகவே அந்த நாட்களுக்கு மாற்று ஆளுக்கான சம்பளத்தையும் மானியத்திலேயே சேர்க்க வேண்டும். நூலக அறிவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பஸ் செலவையும் முன்பணமாகத் தர வேண்டும். சாயல்குடியிலிருந்து ஒருவர் கைக்காசு போட்டுப் போய்விட்டு, பயணப்படிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. பயிற்சிக்குச் சென்னை வரை இழுத்தடிக்கவும் வேண்டாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் நூலக அறிவியல் துறை இருக்கிறது.

இன்னும் ஒரு வேண்டுகோள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் பயிற்சி வைக்காதீர்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பிள்ளைகளுக்கும் விடுமுறை. எங்கள் நூலகங்களில் கூட்டம் சேர்வது அப்போதுதான். ஆகஸ்ட், செப்டம்பரில் நடத்தினால் அடைமழை தொடங்குவதற்குள் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்.