மிட்டிமட்டாலிக் ஊருக்கு என் குயன்னமீக்

கனடாவின் வடக்கே, பாஃபின் தீவில் உள்ள அந்தச் சிற்றூரில் இரண்டு ஆண்டு நர்ஸாக வேலை பார்த்துவிட்டுப் பிப்ரவரியில் கிளம்பினேன். வரைபடத்தில் பாண்ட் இன்லெட் என்றிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது மிட்டிமட்டாலிக். விமானம் ஏறும்போது எல்லோரிடமும் "குயன்னமீக்" என்றேன். அவர்களுடைய இனுக்டிடுட் மொழியில் நன்றிக்கு அதுதான் சொல். ஆனாலும் எனக்கு மனம் நிறையவில்லை. என் மொழியிலும் ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று இந்த மூன்று மாதமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஊர்க்காரர்களே, பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பாட்டிக்கு. நார்வால் என்றால் கொம்பு முளைத்த திமிங்கலம் என்றுதான் வரும்போது நினைத்திருந்தேன். நீங்கள்தான் பாட்டி, என் விரலைப் பிடித்து என் இடது மேலுதட்டில் வைத்து, "இங்கேயிருந்து வருகிறது" என்று காட்டினீர்கள். அது கொம்பு இல்லை, பல். இடப்பக்க மேல்தாடைக் கோரைப்பல் உதட்டைத் துளைத்து வெளியே வந்து, இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டு, ஆண்களில் இரண்டரை மீட்டருக்கு மேல்கூட வளர்கிறது. வலப்பக்கப் பல் பெரும்பாலும் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். பெண்களில் சிலவற்றுக்கு மட்டும்தான் தந்தம் உண்டு. வாய்க்குள் கடிக்கப் பல்லே கிடையாது. இரையை உறிஞ்சி அப்படியே விழுங்கிவிடும்.

'துகாலிக்', தந்தம் உடையது, என்று உங்கள் மொழியில் நேராகப் பெயர் வைத்திருக்கிறீர்கள். ஐரோப்பாவில் இதே பல்லை ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று சொல்லி நூற்றாண்டுக் கணக்கில் விற்றார்கள். 1638இல் டென்மார்க்கின் அறிஞர் ஓலே வோர்ம் அது நார்வாலின் தந்தம் என்று விளக்கினார். உங்கள் முன்னோருக்கு அதில் என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. ஈட்டிக் கயிற்றோடு கடலுக்குள் இழுபட்டுப் போன பெண்ணின் கூந்தல்தான் முறுக்கேறித் தந்தமானது என்ற கதையைச் சொன்னபோது, உங்கள் நரைத்த பின்னலை முறுக்கிக் காட்டினீர்கள். அந்தக் கை அசைவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்து, ஜூன் மாதத்தில் என்னைப் பனிவிளிம்புக்குக் கூட்டிப்போன அண்ணனுக்கு. உறைந்த கடல் முடிந்து திறந்த நீர் தொடங்கும் இடம் அது. ஸ்னோமொபைலின் பின்னே கட்டிய சறுக்குவண்டியில் என்னை உட்கார வைத்து அத்தனை தூரம் கூட்டிப்போய், "சத்தம் மட்டும் வேண்டாம்" என்று ஒன்றே ஒன்றைத்தான் சொன்னீர்கள். நாலு மணி நேரம் காத்திருந்தோம். முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. பெரிய ஆள் ஒருவர் பாரத்தை இறக்கி வைத்துப் பெருமூச்சு விடுவதைப் போல. அப்புறம் முதுகுகள். சாம்பல் நிறத்தில் குட்டி, உடம்பெல்லாம் புள்ளியாகத் தாய், கிட்டத்தட்ட வெளுத்துப்போன ஒரு கிழம். வயதைத் தோலிலேயே எழுதி வைத்திருந்தன. முதுகுத் துடுப்பு இல்லாததால் பனிக்கூரைக்குக் கீழே ஒட்டி நீந்த முடிகிறது என்று காதோரம் சொன்னீர்கள்.

அந்த நேரத்தில் என் கையிலிருந்த எவர்சில்வர் மூடி நழுவிப் பனியில் விழுந்தது. ஒரு நொடியில் அத்தனையும் மறைந்துவிட்டன. அன்று திரும்பி வரவே இல்லை. நீங்கள் கோபப்படவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்து, "அவற்றுக்குக் காதுதான் கண்" என்றீர்கள். குளிர்காலத்தில் இருட்டான ஆழத்தில் க்ளிக் ஒலியை வீசி, அதன் எதிரொலியில்தான் அவை வழியையும் மீனையும் கண்டுகொள்கின்றன. இந்தப் பக்கம் கப்பல்கள் கூடக் கூட நீங்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது அந்த மூடி விழுந்த நாளில்தான்.

2008 நவம்பரைப் பற்றி நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. பனி திடீரென்று மூடிக்கொண்டு, 600க்கும் மேற்பட்ட நார்வால்கள் மூச்சுவிட இருந்த சிறு துளைகளில் மாட்டிக்கொண்டன. எப்படியும் மூச்சுமுட்டிச் சாகும் என்று தெரிந்து ஊரே சேர்ந்து அவற்றை வேட்டையாடி, இறைச்சியைப் பகிர்ந்துகொண்டது. அதைச் சொல்லும்போது உங்கள் குரல் தணிந்துவிட்டது. வேட்டை என்றதும் முகம் சுளிப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். அவற்றை உண்டு வாழ்பவர்களைப் போல அவற்றுக்காக வருந்துகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோடை முகாமிலிருந்து மருந்து வாங்க வந்த ஆய்வாளர்களுக்கும் நன்றி. கட்டுப்போட்டு முடித்த பிறகும் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து எனக்காக நேரம் செலவழித்தீர்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திய நார்வால்கள் குளிர்காலத்தில் பாஃபின் விரிகுடாவின் அடர்ந்த பனிக்கு நடுவே போய், 1,500 மீட்டருக்கும் கீழே ஹாலிபட் மீனைத் தேடி இறங்குவதைக் கோடு கோடாகக் காட்டினீர்கள். கோடையில் வேட்டைக்காரர்கள் கொடுத்த இரைப்பைகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தனவாம். வருடத்துச் சாப்பாட்டில் பெரும்பகுதி இருட்டு மாதங்களில்தான். ட்ரெம்ப்ளே சவுண்ட் என்ற கடற்பகுதியில் ட்ரோன் எடுத்து 2017இல் வெளியான படத்தில், தந்தத்தால் மீனைத் தட்டி மிரளவைத்து, பிறகு விழுங்கியது ஒன்று. அதை மூன்று தடவை போட்டுக் காட்டச் சொன்னேன், சலிக்காமல் போட்டீர்கள்.

பல் மருத்துவர் மார்ட்டின் நவீயாவின் 2014 ஆய்வைச் சொன்னதும் நீங்கள்தான். தந்தத்துக்கு மேலே எனாமல் கிடையாது. உள்ளே நரம்பு வரை போகும் நுண்குழாய்கள் கடலுக்குத் திறந்தே இருக்கின்றன. நீரின் உப்பு மாறினால் இதயத் துடிப்பும் மாறுகிறது. பல்கூச்சத்தோடு என்னிடம் வந்த எத்தனையோ பேரை நினைத்துக்கொண்டேன்.

மக்தாக் கொண்டுவந்து தந்த வீட்டாருக்கும் நன்றி. நார்வாலின் தோலும் கொழுப்புமாக ஊலு கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கி, பச்சையாகவே தந்தீர்கள். காய்கறி விளையாத நாட்டில் உங்கள் முன்னோரை ஸ்கர்வி நோயிலிருந்து காத்த வைட்டமின் சி அதில் இருந்தது. கொட்டைப் பருப்பு மாதிரி ருசி.

பாட்டி, இந்த ஜூனில் பனிவிளிம்புக்குப் போகும் பேரனிடம் சாட்டிலைட் போனைக் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீர் ஓரத்தில் போனைப் பிடித்து அந்த மூச்சுச் சத்தத்தை எனக்குக் கேட்கவைப்பானாம். இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.