இல்டர்டன் ஊர்க் கிளப்பும் எங்கள் பெற்றோரும்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் குளிர்கால விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஃபிகர் ஸ்கேட்டிங் (அடியில் கத்தி வைத்த சப்பாத்தோடு ஐஸில் சுழன்றும் தாவியும் ஆடுவது) பணக்காரரின் விளையாட்டு என்றும், ரொறன்ரோவில் உள்ள பெரிய கிளப்புகளில் பேர்போன பயிற்சியாளர்களிடம் சேர்த்தால்தான் எங்கள் பிள்ளைகள் முன்னுக்கு வரலாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். காசு கரையும் என்பது உண்மைதான், அனுபவித்தவள் நான். மற்றக் கதை அவ்வளவு சரியில்லை. கனடாவின் ஸ்கேட்டிங் வரலாறு பாதிக்கு மேல் சின்ன ஊர்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படி ஓர் ஊரின் கிளப்பில் என் மகள் ஸ்கேட் பழகினாள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒன்ராறியோவின் லண்டனில். இங்கிருந்து ஹைட் பார்க் வீதியால் வடக்கே போனால் புது வீடுகள் முடிந்து சோள வயல்கள் தொடங்கும். அதற்கப்பால் கொஞ்சத் தூரத்தில் இல்டர்டன் வந்துவிடும். கோடையில் வடிவான பாதை. குளிர்காலத்தில் ஹியூரன் ஏரிப் பக்கமிருந்து காற்றும் பனியும் சேர்ந்து அடிக்கும்போது முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குத்தான் பாதை. நகரத்துக் கிளப் ஒன்றில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. எனக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை, காலை வகுப்புத்தான் தோது. அதனால்தான் இல்டர்டனுக்குப் போனோம். அந்த ஊரின் பேர் புகழ் எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள் வாசலில் ஒரு பெண் பெயர்ப் பட்டியலோடு நின்றார். மகளின் ஸ்கேட்டிங் சப்பாத்தைப் பார்த்ததும் பட்டியலை என் கையில் தந்துவிட்டு, ஈரத் தரையில் முழங்காலிட்டு, நான் கட்டிய நாடா முழுவதையும் அவிழ்த்தார். விரல் பக்கம் தளர்வாக, கணுக்காலில் இறுக்கமாக, அதற்கு மேலே மறுபடி கொஞ்சம் தளர்த்தி என்று கொக்கி கொக்கியாகக் கட்டினார். பிறகு பின்பக்கம் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டு எழும்பினார். பயிற்சியாளர் என்றுதான் நினைத்தேன். அவர் கிளப்பின் செயலாளர், சம்பளம் இல்லாத ஆள். வார நாளில் வேறு எங்கோ வேலை, சனிக்கிழமை இங்கே நாடா கட்டும் வேலை.

அந்தக் கிளப்பில் பயிற்சி கொடுத்தவர்களில் அல்மா மொயர், கரோல் மொயர் என்ற இருவரை ஸ்கேட்டிங் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அல்மாவின் மகன் ஸ்கொட். லண்டனில் இருந்து வந்து பழகிய சின்னப் பெண் ரெஸ்ஸா வேர்ச்சூ. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் ஐஸுக்குக் கூட்டிப் போகிறார்கள், அங்கே தடுமாறி வெட்கப்படக் கூடாது என்றுதான் அந்தப் பிள்ளை முதலில் ஸ்கேட் பழகவே தொடங்கினாளாம். 1997இல், ஸ்கொட்டின் சித்தியான கரோல் இருவரையும் ஜோடியாக நிறுத்திக் கைகோர்க்கச் சொன்னார். அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஏழு. இருவருக்கும் வெட்கம், பேச்சே இல்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார்கள்.

அந்தக் கைதான் 2010இல் வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது. ஐஸ் நடனத்தில் அதுவரைக்கும் ஐரோப்பியரைத் தவிர யாரும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை. 2014இல் சோச்சியில் இரண்டு வெள்ளி, 2018இல் தென் கொரியாவில் இரண்டு தங்கம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஐந்து ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்கள் அவர்களுக்கு முன் இல்லை. அந்தக் கடைசி நடனத் தங்கம் பிரெஞ்சு ஜோடியை விட 0.79 புள்ளி கூடுதலாக எடுத்துக் கிடைத்தது. அங்கே பகல், எங்களுக்குப் பெப்ரவரி 19ஆம் திகதி இரவு நடுச்சாமத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இல்டர்டனில் ஊர்ச் சனம் கூடி உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்தது.

இதற்குக் கட்டுரையாளர் ஒரு பதில் வைத்திருப்பார், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் இல்டர்டனிலேயே இருந்துவிடவில்லை. கிச்சனர்-வாட்டர்லூவுக்குப் போனார்கள், 2004இல் மிச்சிகனுக்குப் போனார்கள், கடைசியில் மொன்றியலுக்குப் போனார்கள். ஓரளவுக்கு மேல் பெரிய பயிற்சியாளர் வேண்டும், மறுப்பில்லை. என் மகள் அங்கே சேர்ந்தபோது அவர்கள் ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தார்கள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையையும் ஒன்பது வயதுப் பிள்ளையையும் பார்த்து இந்த இரண்டும் பொருந்தும் என்று கண்டது பெரிய நகரத்துப் பேர்போன கண் அல்ல. வாராவாரம் அந்தப் பிள்ளைகளோடு ஒரே ஐஸில் நின்ற ஒருத்தியின் கண்.

இல்டர்டன் ஏதோ அதிசயமாக விளைந்த ஊர் என்றும் நினைக்க வேண்டாம். 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் வெள்ளி வென்ற பிரையன் ஓர்சர், ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில் இருக்கும் பெனற்றாங்குவிஷீன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். இங்கத்தையவர்கள் அதைப் 'பெனற்றாங்' என்று சுருக்கிவிடுவார்கள். அவரை உருவாக்கிய டக் லீ பயிற்சி கொடுத்தது ரொறன்ரோவில் அல்ல, ஒரிலியாவில். 1988இல் போட்டியில் முதன்முதலாக காற்றில் நான்கு முறை சுழலும் தாவலைச் சரியாகச் செய்து இறங்கிய கேர்ட் பிரவுனிங், அல்பேர்ட்டாவில் சில நூறு பேரே இருக்கும் கரோலைன் என்ற கிராமத்துப் பிள்ளை. 2018இல் உலகப் பட்டம் வென்ற கேற்லின் ஒஸ்மண்ட் பிறந்தது நியூஃபவுண்ட்லாந்தின் மேரிஸ்டவுனில். தேடினால் இன்னும் வரும்.

தொடக்கத்தில் இது மேட்டுக்குடி விளையாட்டாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒட்டாவாவின் மின்ரோ கிளப்புக்குப் பெயரே ஓர் ஆளுநர் நாயகத்தின் பெயர். 1948இல் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பார்பரா ஆன் ஸ்கொட் அங்கிருந்து வந்தவர். இந்த நாட்டுக்காகப் பெண்கள் தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர் இன்றைக்கும் அவர் ஒருவர்தான். நிலைமையை மாற்றியது ஊருக்கு ஊர் கட்டப்பட்ட அரீனாக்கள், அதாவது கூரை போட்ட ஐஸ் தளங்கள். கட்டியது ஹொக்கிக்காக. ஆனால் ஹொக்கிக் குழுக்கள் பொம்பிளைப் பிள்ளைகளைச் சேர்க்காத காலம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு ஐஸில் முறையாகப் பழக இருந்த வழி ஸ்கேட்டிங் கிளப். அந்தக் கிளப்பை நடத்தியது தாய்மார். நல்ல நேரமெல்லாம் ஹொக்கிக்குப் போய்விடும், மிஞ்சிய நேரம் இவர்களுக்கு. விடியுமுன் எழும்பி ஐஸுக்குப் போகும் வழக்கம் வந்ததற்குப் பக்தி காரணமில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு மூதாட்டி, இளமையில் வேறொரு ஊரில் ஸ்கேட் பண்ணியவர், அந்தக் காலத்து 'பாட்ச்' பற்றிச் சொல்வார். சுத்தமான ஐஸைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்களாம். அந்தத் துண்டில் பெரிய கவராயத்தால் வட்டம் போட்டு, ஒற்றைக் காலில், கத்தியின் ஒரு விளிம்பில் மட்டும் நின்று எட்டு வடிவம் வரைய வேண்டும். அதே தடத்தின் மேல் மறுபடி, மறுபடி. பாட்டுமில்லை, பேச்சுமில்லை. போட்டியில் நடுவர்கள் ஐஸில் இறங்கிக் குனிந்து, கோடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, வட்டம் கோணியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு காலத்தில் மொத்தப் புள்ளியில் பாதிக்கு மேல் இதற்குத்தான். 1988இல் கல்கரி ஒலிம்பிக்கில் ஓர்சர் இந்தப் பகுதியில் மூன்றாவதாக வந்தார், தங்கம் அமெரிக்காவின் பிரையன் பொய்ற்றானோவுக்குப் போனது. தொலைக்காட்சியில் காட்ட ஒன்றுமில்லாத சமாசாரம், 1990ஓடு சர்வதேசப் போட்டிகளில் எடுத்துவிட்டார்கள். மூதாட்டிக்கு அதில் இன்னும் ஆறாத கோபம். இப்போதைய பிள்ளைகளுக்குத் தாவத் தெரியும், நிற்கத் தெரியாது என்பார். எனக்கென்னவோ அவர் சொல்வதில் பாதி நியாயம் இருப்பதாகவே படுகிறது.

நான் நிர்வாகக் குழுவுக்குள் போனது தையலால். எனக்கு இன்றைக்கும் ஸ்கேட் பண்ணத் தெரியாது. இந்த ஊர்க் கிளப்புகள் பருவ முடிவில் 'கார்னிவல்' என்று ஐஸிலேயே ஒரு கலைவிழா நடத்தும். நாலு வயதுப் பிள்ளை முதல் பெரிய பிள்ளை வரை எல்லோருக்கும் அதில் இடம். உடுப்பை அநேகமாகத் தாய்மார்தான் தைப்பார்கள். ஒரு முறை குட்டிப் பிள்ளைகள் எல்லாரும் தேனீ. மஞ்சள் லைக்ராத் துணி, சாதாரண ஊசியில் தைத்தால் நூல் விட்டுவிட்டுப் போகும், இழுத்தால் தையல் தெறிக்கும். முனை உருண்ட ஊசி போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், அடுத்த வருடம் உடுப்புப் பொறுப்பு என் தலையில். அதற்கடுத்த வருடம் கூட்டத்தில் கையை உயர்த்தச் சொன்னார்கள்.

குழுவுக்குள் போன பிறகுதான் கிளப் என்றால் என்னவென்று விளங்கியது. கட்டடமும் ஐஸும் நகரசபைக்குச் சொந்தம். கிளப் அந்த ஐஸை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறது. பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு, குழுவில் இருப்பவர்களுக்கு இல்லை. கட்டணம், ராஃபிள் சீட்டு, கார்னிவல் நுழைவுச்சீட்டு, ஊர்க் கடைக்காரர் தரும் விளம்பரம் எல்லாம் சேர்ந்து வாடகையைக் கட்ட வேண்டும். பதிவு செய்யும் பிள்ளைகள் குறைந்தால் ஐஸ் நேரத்தைக் குறைக்க வேண்டும், விட்ட நேரத்தை ஹொக்கி எடுத்துக்கொள்ளும், அடுத்த வருடம் கேட்டாலும் கிடைக்காது. கிளப் என்பது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் மாதிரி. ஆள் நின்றால் நிலையம், ஆள் போனால் பூட்டு.

எங்கள் ஆட்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். கனடாவில் எங்களுக்கு எத்தனை ஊர்ச் சங்கம், எத்தனை பழைய மாணவர் சங்கம்! தலைவர் பதவிக்குப் போட்டி, யாப்புத் திருத்தம், கணக்கறிக்கையில் ஒரு டொலர் பிசகினால் பொதுக்கூட்டத்தில் சண்டை. சங்கம் நடத்தத் தெரியாத இனமா நாங்கள்? அதே ஆட்கள் ஸ்கேட்டிங் கிளப்புக்கு வரும்போது அதை ரியூஷன் வகுப்பாக நினைக்கிறார்கள். காசைக் கட்டுவது, பிள்ளையை இறக்குவது, காருக்குள் இருந்து கைபேசி பார்ப்பது, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போவது. குளிர் ஒரு காரணம், ஆங்கிலத்தில் பேசக் கூச்சம் இன்னொன்று, இரண்டு வேலை செய்கிறவர்களுக்கு நேரமில்லை. எல்லாம் எனக்கும் இருந்ததுதான். ஆனால் என்னைக் கண்டு கதைக்க வந்த தமிழ்ப் பெற்றோர் முதலில் கேட்ட கேள்வி ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றாகவே இருந்தது: "அக்கா, எந்த வயதிலே போட்டிக்கு விடுவினம்?" வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

போட்டிக்கு விடுவது பெரிய காரியமில்லை. என் மகள் சில உள்ளூர்ப் போட்டிகளுக்குப் போனாள், பதக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பதின்ம வயதில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளராக நின்றாள். விழுந்த பிள்ளையைத் தூக்காமல், தானாக எழும்பச் சொல்லிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. முதலில் நாலு காலில் வா, ஒரு காலை ஊன்று, கையை முழங்காலில் வை, இப்ப எழும்பு. அந்தக் குரல் இப்போது ஆஸ்பத்திரி வார்ட்டில் நோயாளிகளிடம் போகிறது, அதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். மாதாமாதம் கட்டிய காசு எங்கே போனது என்று அவளுடைய அப்பா பிறகு கேட்டதேயில்லை.

ஆகவே கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது பெரிய கிளப்புகளின் பெயரோடு, ஏஜாக்ஸ், விற்பி, பிராம்டன், மார்க்கம் என்று எங்கள் சனம் இருக்கும் இடங்களில் உள்ள ஊர்க் கிளப்புகள் எப்போது பதிவு எடுக்கின்றன, எப்போது பொதுக்கூட்டம் வைக்கின்றன என்றும் போடுங்கள். பொதுக்கூட்டம் அநேகமாகப் பருவம் முடிந்த பிறகு வசந்தத்தில் வரும், பதிவு செய்த பிள்ளையின் பெற்றோர் போகலாம். கை உயர்த்த ஆளில்லாமல் எல்லாரும் தரையைப் பார்க்கும் கட்டம் ஒன்று வரும். அப்போது எங்கள் ஆட்களில் ஒருவர் பொருளாளர் பதவியை எடுக்கட்டும். கணக்கில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஸ்கேட்டிங் சப்பாத்தை 'வளர்ற பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். உள்ளே கால் வழுக்கிக் கணுக்கால் மடியும், பிள்ளை பயந்துவிடும். பல கிளப்புகளில் பழைய சப்பாத்து விற்கும் நாள் ஒன்று இருக்கும், நல்லதாக மலிவாகக் கிடைக்கும். புதிதாகவே வாங்கினாலும் கடையில் கத்தியைத் தீட்டித் தரச் சொல்லுங்கள், பெட்டியில் இருந்து வரும்போது அது அநேகமாகத் தீட்டப்பட்டிருக்காது. ஹெல்மெற்றை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். மிதிவண்டி ஹெல்மெற்றைக் கொண்டுபோனால் ஐஸில் இறங்க விடமாட்டார்கள், ஹொக்கி ஹெல்மெற் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
லண்டன், ஒன்ராறியோ