எந்தப் பள்ளி என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணுவுக்கு,

நைனா எழுதுகிறேன். "அங்க ஆறாவதுக்கு எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் நீ படித்த நடுநிலைப்பள்ளி. நடந்தே போகலாம். ஆறாவதில் இருபது பிள்ளைகள்கூட இல்லை, அதனால் டீச்சருக்கு ஒவ்வொன்றின் பேரும் தெரிகிறது. ஆனால் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரே டீச்சர்தான். காலை உணவுத் திட்டம் ஐந்தாவது வரைக்கும்தான், தெரியுமா? சின்னதுகள் உப்புமா சாப்பிடும்போது ஆறாவது பிள்ளைகள் பை மாட்டியபடி எட்ட நிற்கின்றன. பாப்பா வீட்டிலேயே சாப்பிட்டுப் போகட்டும், அம்மா இருக்கிறாள். மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. எட்டாவது முடிந்ததும் வேறு பள்ளி தேட வேண்டும், அதுதான் குறை.

அடுத்தது பெண்கள் மேல்நிலைப்பள்ளி. ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, பாடத்துக்கு ஒரு டீச்சர், பன்னிரண்டு வரைக்கும் கவலை இல்லை. கூட்டம்தான் அதிகம். பாலாற்றுப் பாலத்தில் அந்த நேரத்து பஸ்ஸை நீ அறிவாய். கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றேன், ஆயா ஒரு மாதிரி பார்த்தாள். விடவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

பெங்களூரில் கன்னடம் படித்த பிள்ளை. இங்கே எந்தப் பள்ளியானாலும் தமிழ் கட்டாயம். இப்போதிருந்தே எழுத வை. நீ கட்டுரைப் போட்டியில் மாவட்டப் பரிசு வாங்கினவள். உன் பிள்ளைக்கு 'ழ'கரம் வரவில்லை என்றால் எனக்குத்தான் வெட்கம். போன லீவுக்கே அனுப்பியிருந்தால் நானே சொல்லிக் கொடுத்திருப்பேன். நீங்கள் யார் வந்தீர்கள்?

முக்கியமான விஷயம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டுக்குமே ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரு வருஷம் அங்கே பார்த்துவிட்டு ஏழாவதில் சேர்த்தால் இரண்டும் கிடைக்காது. சேர்ப்பதானால் ஆறிலேயே. ஆறிலிருந்து பன்னிரண்டு என்றால் ஏழு வருஷம், கண்ணு.

டி.சி. தாமதமானாலும் அதைச் சாக்காக வைத்துச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டி.சி. வாங்க மாப்பிள்ளை கையெழுத்து போட வேண்டியிருக்குமோ என்னவோ. அவர் சௌக்கியம்தானே? பொங்கலுக்குப் பிறகு அவர் குரலையே கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி.

பாப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் உன் கையிலேயே வைத்துக்கொள். திரும்பவும் சொல்கிறேன், உன் கையிலேயே. லால்பாக்கோ பிருந்தாவனோ, எந்த ரயிலில் வந்தாலும் காட்பாடியில் வண்டியோடு நிற்கிறேன், ராத்திரியானாலும் சரி.

ஒரு வருஷத்துக்கா, பன்னிரண்டு வரைக்குமா என்று தலைமையாசிரியை கேட்கிறார். அதைப் பொறுத்துத்தான் எந்தப் பள்ளி என்று நான் சொல்ல முடியும். அதற்கு மட்டும் பதில் எழுது. அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
நைனா
விருதம்பட்டு