அந்த வண்ணம் பெண்கள் தீட்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மௌனப்படங்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 1930களில் டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை வரும்வரை சினிமா வெறும் கறுப்பு வெள்ளைதான் என்று அதில் எழுதியிருப்பது சரியல்ல. சினிமா பிறந்த சில மாதங்களிலேயே ஃபிலிம் மேல் வண்ணம் ஏறிவிட்டது. ஏற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பாரிஸில் எலிசபெத் துய்லியே என்ற பெண்மணி நடத்திய பட்டறையில் 200 பெண்களுக்கு மேல் வேலை செய்தார்கள். பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியஸின் படங்களுக்கு அங்கேதான் வண்ணம் தீட்டினார்கள். ஃபிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப் படமும், அதாவது ஒரு ஃபிரேம், அங்குல அகலம்கூட இராது. அதற்குள் இருக்கும் ஆளின் சட்டையையோ கொடியையோ மட்டும் மெல்லிய தூரிகையால் தொட வேண்டும். ஒருத்திக்கு ஒரு நிறம். அவள் முடித்ததும் சுருள் அடுத்தவள் கைக்குப் போகும். 1902இல் வந்த மெலியஸின் நிலவுப் பயணப் படம் கால் மணி நேரம்தான் ஓடும். அதற்கே 13,000க்கு மேற்பட்ட ஃபிரேம்கள்! இன்னொரு பிரதி வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து தீட்ட வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் பாத்தே என்ற பிரெஞ்சுப் பட நிறுவனம் ஸ்டென்சில் முறைக்கு மாறியது. நிறத்துக்கு ஒரு பிரதி எடுத்து, அந்த நிறம் விழ வேண்டிய இடங்களை வெட்டி நீக்கி, துளை வழியே சாயம் ஏற்றினார்கள். ஒரு தடவை வெட்டினால் பல பிரதிகளுக்கு உதவும். வெட்டியவர்களும் பெண்களே. இவை தவிர, இரவுக் காட்சிக்கு நீலம், தீ எரியும் காட்சிக்குச் சிவப்பு என்று ஃபிலிமையே சாயத்தில் முக்கியெடுப்பது எங்கும் நடந்த வழக்கம். கேமராவிலேயே வண்ணத்தைப் பிடிக்கும் கினிமாகலர் என்ற முறையும் அப்போதே இருந்தது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக நடந்த டெல்லி தர்பார் விழாவை அதில்தான் படமெடுத்து, மறு ஆண்டு லண்டனில் திரையிட்டார்கள்.

இவ்வளவும் எப்படி மறந்துபோயிற்று? பழைய நைட்ரேட் ஃபிலிம்கள் சிதைந்தன. பாதுகாக்க எடுத்த நகல்களில் பலவும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டன. பிறகு வந்தவர்கள் அந்த நகல்களைப் பார்த்துவிட்டு, அசலும் அப்படியே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நிலவுப் பயணத்தின் வண்ணப் பிரதி 1993இல் பார்சிலோனாவில் கிடைத்தது. மிக மோசமான நிலையிலிருந்த அதைப் பாடுபட்டு மீட்டு 2011 கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள்.

கட்டுரையோடு நீங்கள் வெளியிட்டதும் அந்தப் படத்தின் கறுப்பு வெள்ளைக் காட்சிதான். அடுத்த இதழில் மீட்கப்பட்ட வண்ணப் பிரதியிலிருந்து ஒரு காட்சியை வெளியிடுங்கள். மெலியஸ் பெயரோடு துய்லியே பெயரையும், தூரிகை பிடித்த பெண்களைப் பற்றி ஒரு வரியையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி