மறைந்த பத்திரிகை ஆசிரியரின் இதழ்த் தொகுப்பை மாரிக்கு முன் பாதுகாத்துத் தருமாறு கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

விடயம்: திருகோணமலையில் வெளிவந்த உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பொறுப்பேற்றுப் பேணுதல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நாங்கள் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த வாசகர்களும், கீழே குறிப்பிடப்படும் பத்திரிகையில் வெவ்வேறு காலங்களில் வேலைசெய்தவர்களும் ஆவோம். அந்தப் பத்திரிகையைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் அதன் ஆசிரியராகவும் அச்சாளராகவும் வெளியீட்டாளராகவும் ஒருவராகவே நின்று நடத்திய பெரியவர் இவ்வாண்டு காலமானார். அன்னாரின் பெயரும் பத்திரிகையின் பெயரும் குடும்ப விபரங்களும் இணைப்பு 1இல் உள்ளன. இந்த மனுவைப் பொதுமக்களின் பார்வைக்கும் வெளியிடுவதால், குடும்பத்தினரின் விருப்பப்படி இப்பிரதியில் அவற்றைத் தவிர்த்திருக்கிறோம்.

இறுதிக் கிரியைகளன்று உரையாற்றிய பலர், அவருடைய பெயரில் ஒரு வீதி வேண்டும், சந்தியில் ஒரு சிலை வேண்டும் என்றார்கள். அன்பினால் சொன்னார்கள். ஆயினும் அந்தியேட்டி முடிந்தபின் குடும்பத்தினருடன் அமர்ந்து பேசியபோது எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம். சிலைக்கு அவசரமில்லை, பத்திரிகைக் கட்டுகளுக்கு அவசரம் இருக்கிறது. ஆகவே சிலையையோ வீதிப் பெயரையோ கேட்டு நாங்கள் தங்களிடம் வரவில்லை. அவர் அச்சிட்ட தாள்கள் அழிந்துபோகாமல் காப்பாற்றித் தாருங்கள் என்று கேட்கவே வருகிறோம்.

அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். 1970களின் பிற்பகுதியில், மத்திய வீதிக்கு அப்பால் ஓர் ஒற்றை அறையில், கையால் எழுத்துக் கோத்து அடிக்கும் பழைய அச்சு இயந்திரம் ஒன்றுடன் பத்திரிகையைத் தொடங்கினார். கொழும்பிலிருந்து வரும் நாளேடுகள் அந்நாளில் இரவு ரயிலில் கல்லோயாச் சந்தி வழியாக இங்கு வந்து சேரும். அவற்றில் திருகோணமலை என்றால் துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள், கோணேசர் கோயில். ஈச்சிலம்பற்றில் கிணறு வற்றியதும், தென்னமரவாடியில் பாடசாலைக் கூரை பறந்ததும், தம்பலகாமத்தில் நெல்லுக்கு விலை விழுந்ததும் அவற்றில் இடம்பெறுவது அபூர்வம். அந்தச் செய்திகளுக்காகவே அவர் பத்திரிகை நடத்தினார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, இதழ்க் கட்டைச் சைக்கிள் கரியரில் கட்டி, துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற்றி, அக்கரையில் காத்திருக்கும் முகவரிடம் பல தடவை தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கரையில் முதற்பிரதியை வாங்கியவர்களில் பலர் முஸ்லிம் வியாபாரிகள். கிண்ணியாவிலும் மூதூரிலும் நடந்த திருமணங்களும் ஜனாஸா அறிவித்தல்களும் தமிழ்ச் சைவக் குடும்பங்களின் மரண அறிவித்தல்களோடு ஒரே பக்கத்தில் வந்த பத்திரிகை அது.

எழுதுவதோடு அவர் நின்றதில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி உருக்குலைத்தபோது, பத்திரிகை அறையின் முன்விறாந்தையே அரிசியும் உடுபுடைவையும் சேர்க்கும் இடமாயிற்று. கடற்றொழிலாளருக்குள் கரைவலைப் பாடு பற்றிப் பிணக்கு எழுந்தால் இரு தரப்பும் அவரைத்தான் தேடி வந்தன. தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களுக்கிடையே வதந்தி கிளம்பிய பொழுதுகளில், பள்ளிவாசல் நிர்வாகிகளையும் விகாரைத் தேரர்களையும் கோயில் அறங்காவலர்களையும் ஒரே மேசையில் இருத்தித் தேநீர் கொடுத்தே பேச்சைத் தொடங்குவார். அந்தக் கூட்டங்களில் என்ன முடிவானதென்பது மறுநாள் பத்திரிகையில் வரும். யார் யாரை என்ன சொல்லி ஏசினார்கள் என்பது ஒருநாளும் வராது.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபின், பாடசாலைகளில் தஞ்சமடைந்தோரின் பெயர்களை முகாம் முகாமாக எழுதி எடுத்துச் சிறப்பிதழ்களாக வெளியிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊர், வயது, எந்தப் பாடசாலை, கூட யார் இருக்கிறார்கள். கீழே, தேடப்படுவோர் பட்டியல். அவற்றை விலைக்கு விற்கவில்லை. பஸ் நிலையத்திலும் வைத்தியசாலை வாசலிலும் ஒட்டினார். பிள்ளையின் பெயரை அந்தத் தாளில் கண்டு பாடசாலைக்கு ஓடிய தாய்மார் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இம்மனுவில் கையொப்பமிட்டுள்ளனர்.

அதற்குப் பின் வந்த காலம் இந்நகருக்கு மிகக் கொடியது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களிலிருந்த துப்பாக்கிக் காயங்களைப் படமெடுத்து வெளிக்கொணர்ந்த ‘சுடரொளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி காலை, ஆளுநர் செயலகத்துக்கு அருகே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஆசிரியர் அலுவலகத்திலிருந்த இளையவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த இதழைப் பிரித்தபோது, எந்தச் செய்தியின் தலைப்பிலும் எழுதியவரின் பெயர் இல்லை. முதற்பக்கத்தின் அடியில், வழக்கமாகச் சிற்றெழுத்தில் வரும் அவருடைய பெயரும் வீட்டு முகவரியும் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. தேடி வருபவர் தம்மிடமே வரட்டும் என்று அவர் செய்த ஏற்பாடு அது. அதைப் பற்றி எங்களிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இம்மனுவை எழுதும் எங்களில் சிலர் அன்று பெயர் நீக்கப்பட்ட செய்தியாளர்கள். நாங்கள் உயிரோடு இருப்பதற்கு அந்த இதழ் ஒரு காரணம் என்று நம்புகிறோம்.

இனி, கட்டுகளின் இன்றைய நிலை. அவை அவர் வீட்டின் பின்னறையில் இருக்கின்றன. ஆண்டுவாரியாகப் பிரித்து, பழைய பருத்தி வேட்டியில் பொதிந்து, சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். மேலே ஒவ்வொரு கட்டுக்கும் அவர் கையெழுத்தில் ஒரு மட்டைத்துண்டு: ஆண்டு, இதழ் எண், ‘இரண்டு குறைவு’ போன்ற குறிப்பு. 1990 கட்டின் மட்டையில் ‘ஆனியின் பின் இல்லை’ என்று இருக்கிறது. அந்த ஆண்டு ஊர் இடம்பெயர்ந்தபோது அச்சும் நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. தணிக்கை நடைமுறையிலிருந்த காலத்து இதழ்களைப் பிரித்தால், செய்தி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பத்திகள் இருக்கின்றன. நீக்கப்பட்ட இடத்தை வேறொன்றால் நிரப்பாமல் அப்படியே விட்டிருக்கிறார்.

பத்திரிகைத்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள், வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் பட்டால் தாளை மஞ்சளாக்கி அமிலமாக்கி நொறுக்கிவிடும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கதவு பொருந்தாத ஓர் அறையில், இத்தனை ஆண்டுகள் அது தாக்குப்பிடித்ததே பெரிது. மடித்த இடங்களில் தாள் இப்போது கையோடு வருகிறது. அடித்தட்டுக் கட்டுகள் இரண்டைக் கறையான் தொட்டுவிட்டது. கூரை ஓடுகள் சில சென்ற மாரியில் உடைந்தன. தற்காலிகமாகத் தறப்பாள் போட்டிருக்கிறோம். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தறப்பாள் போதாது. வீட்டையும் குடும்பத்தினர் அடுத்த ஆண்டு திருத்த வேண்டியிருக்கிறது. போர்க்கால இதழ்கள் பலவற்றுக்கு இந்த அறையிலுள்ள பிரதியைத் தவிர வேறு பிரதி இல்லை.

இவை பழைய நினைவுகளுக்காக மட்டும் தேவைப்படும் கடதாசிகள் அல்ல என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 2006இல் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பமொன்றைச் சேர்ந்த அம்மா ஒருவர், தம் காணியில் தாம் குடியிருந்ததைக் காட்ட வேறு ஆவணம் எதுவும் இல்லாமல் ஆசிரியரிடம் வந்தார். அவருடைய மூத்த மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு வந்தோருக்கு நன்றி கூறி வெளியிட்ட சிறு விளம்பரத்தில், வீட்டு விலாசம் முழுமையாக அச்சாகியிருந்தது. ஆசிரியர் அந்தத் தாளைப் பிரதியெடுத்து, உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அப்படி வந்தவர்கள் பலர். தொலைந்த அடையாள அட்டை அறிவித்தல்கள், காணி விற்பனை அறிவித்தல்கள், காணாமற்போனோர் பற்றிய உறவினரின் வேண்டுகோள்கள் எல்லாம் அந்தக் கட்டுகளில் கிடக்கின்றன. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டு இயங்குகிறது. பிள்ளை எந்த நாளில், எந்த வீதியில் கடைசியாகக் காணப்பட்டான் என்று அன்றே ஒரு தகப்பன் கொடுத்த அறிவித்தல், அந்த விசாரணைகளுக்கு எத்தனை பெறுமதியானது என்று தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எனவே தாங்கள் தலையிட்டு, மழை தொடங்குமுன் இக்கட்டுகளை வைப்பதற்கு மாவட்டச் செயலகத்திலோ நகரப் பொது நூலகத்திலோ நிலத்தடி ஈரம் ஏறாத மேல்மாடி அறையொன்றை ஒதுக்கித் தருமாறு முதலாவதாகவும் முக்கியமாகவும் வேண்டுகிறோம். இது ஒன்று நடந்தாலே பாதிப் பயம் தீரும். அதன்பின், 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டத்தின்படி இயங்கும் திணைக்களத்துக்குத் தாங்கள் எழுதி, தாள் பேணலில் பயிற்சிபெற்ற உத்தியோகத்தர் ஒருவரை இங்கு வரவழைக்க வேண்டும். அவர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் நல்லெண்ணத்தோடு இத்தாள்களுக்கு லேமினேற் செய்யவோ செலோடேப் ஒட்டவோ கூடாது. அவ்வாறு செய்த தாளைப் பின்னர் சேதமின்றி மீட்பது மிகக் கடினம்.

மின்வருடல் வேலைக்கு அரசின் பணம் பெரிதாகத் தேவைப்படாது என்று எண்ணுகிறோம். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் பேணி, யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்துவருகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஈய எழுத்தில் கோத்த பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களைக் கணினி பிழையாக வாசிக்கும் இடங்களில் அவர்களுக்கு உதவ, அன்று எழுத்துக் கோத்த கைகள் எங்களிடையே இன்னும் இருக்கின்றன. தங்கள் செயலகம் ஒருங்கிணைப்பைச் செய்தால் உழைப்பை நாங்கள் தருவோம்.

ஒரு விடயத்தில் மட்டும் எங்கள் வேண்டுகோள் கண்டிப்பானது. இதழ்களில் எதையும் தெரிந்தெடுத்து நீக்கக்கூடாது. அரசைக் கண்டித்த தலையங்கமும் இருக்கிறது, இயக்கங்களைக் கண்டித்த தலையங்கமும் இருக்கிறது, எங்கள் சொந்தச் சமூகத்தைச் சாடியவையும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தே பேணப்பட வேண்டும். அதேவேளை, வன்முறைக்கு ஆளான பெண்கள், சிறுவர்களின் பெயர்கள் அக்கால வழக்கப்படி அச்சாகியுள்ள பக்கங்களை இணையத்தில் வைக்காமல், உரியவரின் சம்மதத்தோடு நூலகத்தில் மாத்திரம் பார்க்க வைப்பதே நியாயம். ஆசிரியரே தம் கடைசிக் காலத்தில் அப்பக்கங்களின் ஓரத்தில் நீலப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பொது நிறுவனமொன்றுக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்த வேறு சஞ்சிகைத் தொகுதி, இடமில்லை என்று பழைய கடதாசியாக நிறுத்து விற்கப்பட்டுவிட்டது. ஆகவே இம்முறை கட்டுகள் கைமாறும்போது, ஆண்டும் இதழ் எண்ணும் குறித்த பட்டியலில் இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும் என்றும், குடும்பத்தினரின் எழுத்து மூலமான சம்மதமின்றி எதுவும் கழித்தொதுக்கப்படாது என்றும் உறுதி தருமாறு கேட்கிறோம். பட்டியலின் வரைவு இணைப்பு 2இல் உள்ளது.

பின்னறையின் திறப்பு எங்கள் குழுவிடமே இருக்கிறது. தங்கள் உத்தியோகத்தர்கள் பார்வையிட வரும் நாளை அறியத் தந்தால், வார நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் எந்நேரமும் வந்து திறந்து காட்டக் காத்திருக்கிறோம். கட்டுகளை ஏற்றிவர வாகனமும் ஆட்களும் எங்கள் பொறுப்பு. புரட்டாதி முடிவதற்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
பத்திரிகையின் வாசகர்களும் முன்னாள் பணியாளர்களும்
(பெயர், விலாசம், கையொப்பங்கள் இணைப்பு 3இல்)

பிரதிகள்: பிரதேச செயலாளர், பட்டினமும் சூழலும், பணிப்பாளர் நாயகம், தேசிய சுவடிக்கூடத் திணைக்களம், கொழும்பு, நூலகர், பொது நூலகம், திருகோணமலை.